நண்டு, விதை, சின்ன பாட்டில்: நாடு கடந்த சீனக் கலைஞர்களின் குறியீடுகளை எப்படி வாசிப்பது?

பனுவல் (கேள்வி):

சீனாவை விட்டு வெளியேறி வாழும் ஓவியர்கள், சிற்பிகளைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதுகிறேன். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் இரண்டு மூன்று வரியில் குறிப்பு வேண்டும். சிக்கல் அங்கேதான். சீனக் கலைஞர் ஐ வெய்வெய்யின் பீங்கான் சூரியகாந்தி விதைகளுக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். ஒருவர் மாவோ என்கிறார், இன்னொருவர் மலிவு உற்பத்தி என்கிறார், மூன்றாமவர் மக்கள்திரள் என்கிறார். அவருடைய நண்டை வைத்து என்ன அரசியல் என்பது புரியவே இல்லை. மாவோவின் முகம் எங்கே வந்தாலும் எதிர்ப்பு என்று எழுதிவிடலாமா? சிவப்பு என்றாலே கட்சியா? எது உண்மையிலேயே குறியீடு, எது நாமாக ஏற்றிச் சொல்வது என்று பிரித்துப் பார்க்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

கல்வெட்டு:

முதலில் தேதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தலைப்பில் எழுதுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் அதுதான். "நாடு கடந்த கலைஞரின் படைப்பு" என்று ஐ வெய்வெய்யின் பெயரில் சுற்றி வருபவை பெரும்பாலும் அவர் பெய்ஜிங்கில் இருந்தபோது செய்தவை. நிலநடுக்கத்தில் இறந்த பள்ளிக் குழந்தைகளுக்காகச் செய்த தோள்பைகள் 2009, விதைகள் 2010, நண்டுகள் 2010-க்குப் பிறகு, அதே நிலநடுக்கத்தில் இடிந்த பள்ளிகளின் இரும்புக் கம்பிகள் 2008 முதல் 2012 வரை. 2011 ஏப்ரல் 3-ஆம் தேதி பெய்ஜிங் விமான நிலையத்தில் அவரைப் பிடித்து 81 நாள் அடைத்துவைத்தார்கள். கடவுச்சீட்டு திரும்பக் கிடைத்தது 2015 ஜூலையில்தான். பெர்லினுக்குப் போனது அதன் பிறகு. அதனால் ஒவ்வொரு படைப்புக்கும் இரண்டு ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: செய்த ஆண்டு, ஆள் வெளியேறிய ஆண்டு. தணிக்கைக்குள் இருந்துகொண்டு பேசியதா, வெளியே வந்து பேசியதா என்பது அதில் தெரிந்துவிடும்.

வெளியே வந்தபின் அவருடைய பொருட்களே மாறிவிட்டன. 2016 பிப்ரவரியில் பெர்லின் கச்சேரி மண்டபத்தின் தூண்களில் சுற்றியது 14,000 உயிர்காப்பு அங்கிகள், கிரேக்கத் தீவான லெஸ்போஸில் அகதிகள் கழற்றிப் போட்டவை. 2017-இல் பிராகில் வைத்தது காற்றடித்த பெரிய ரப்பர் படகு, அதில் முகமில்லாத 258 உருவங்கள். அந்தப் படகைச் செய்தது சீனத் தொழிற்சாலை. இவற்றில் சிலேடை கிடையாது, மறைப்பும் கிடையாது. யார் பார்த்தாலும் அந்தக் கணமே புரியும். அதனாலேயே கொஞ்சம் தட்டையாக இருக்கிறது என்பது என் கருத்து, சண்டைக்கு வராதீர்கள்.

விதைகளைப் பற்றி. லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் 2010 அக்டோபரில் பரப்பியது சுமார் 10 கோடி பீங்கான் விதைகள், எடை ஏறத்தாழ 150 டன். ஜிங்டெஜென் என்ற பழைய பீங்கான் ஊரில் சுமார் 1,600 பேர் இரண்டரை ஆண்டு செய்தது. ஒவ்வொன்றையும் அச்சில் வார்த்து, சுட்டு, தூரிகையால் கறுப்புக் கோடு இழுத்து, மறுபடி சுட்டார்கள். பண்பாட்டுப் புரட்சிக் (1966–76) காலச் சுவரொட்டிகளில் மாவோ சூரியன், மக்கள் அவரைப் பார்த்துத் திரும்பும் சூரியகாந்திகள். அந்த வாசிப்பு நாமாக ஏற்றியதில்லை, அந்தத் தலைமுறைக்கு அது மனப்பாடம். அதே வறுமைக் காலத்தில் தெரிந்தவர்கள் சந்தித்தால் பையிலிருந்து எடுத்துப் பகிர்ந்து கொறித்ததும் இந்த விதைதான். ஆக ஒரே விதையில் கும்பிடும் கூட்டமும் இருக்கிறது, நட்பும் இருக்கிறது. பேரரசருக்குப் பீங்கான் செய்த ஊரில் கோடிக்கணக்கில் கைவேலையாகச் செய்வித்ததால் "சீனத் தயாரிப்பு" என்ற மூன்றாம் பொருளும் தானாகவே வந்து சேர்கிறது. மூன்றும் சரி. ஒன்றை மட்டும் எழுதினால்தான் தவறு.

இன்னொரு விஷயம்: பார்வையாளர்கள் மேலே நடக்கலாம் என்பதுதான் முதல் ஏற்பாடு. காலடியில் உரசி எழுந்த பீங்கான் தூசி மூச்சுக்குக் கேடு என்று சில நாளிலேயே கயிறு கட்டிவிட்டார்கள். "மக்கள் மிதிபடுகிறார்கள்" என்று அந்த நடையை வைத்து விளக்கம் எழுதியவர்கள் இருக்கிறார்கள். கண்காட்சியின் பெரும்பகுதி நாட்களில் யாரும் மிதிக்கவே இல்லை.

மையூற்று:

நண்டுக் கேள்விக்கு வருகிறேன். சீன மொழியில் அசைகள் குறைவு, ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள். அதனால் ஒலிச்சிலேடை அங்கே அன்றாடப் பேச்சு. நல்லிணக்கம் என்பது "ஹெ-ஷியே". ஆற்று நண்டும் "ஹெ-ஷியே". இரண்டாம் அசையின் தொனி மட்டும் வேறு: நல்லிணக்கத்தில் ஏறும், நண்டில் இறங்கும். அதிபர் ஹூ ஜிந்தாவ் ஆட்சியில் "நல்லிணக்கச் சமூகம்" என்பது அரசு முழக்கம். இணையத்தில் பதிவை அழித்தால் "என் பதிவு நல்லிணக்கப்பட்டது" என்று கிண்டலாகச் சொன்னார்கள். அந்தச் சொல்லும் தணிக்கையில் மாட்டவே, நண்டு வந்தது. நண்டு என்றால் தணிக்கை.

அந்த நண்டுக்குக் கையில் மூன்று கடிகாரம் கட்டிய படங்களும் உண்டு. "மூன்று கடிகாரம் கட்டுவது" என்பதைச் சொல்லிப் பாருங்கள், ஹூவுக்கு முந்தைய அதிபர் ஜியாங் ஜெமினின் "மூன்று பிரதிநிதித்துவங்கள்" கொள்கையின் ஒலி அதில் வரும். கடிகாரமும் பிரதிநிதித்துவத்தின் கடைசி அசையும் ஒரே "பியாவ்". இது தெரியாதவர் அந்தப் படத்தைப் பார்த்து "ஆடம்பர மோகத்தின் குறியீடு" என்று எழுதினால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஷாங்காயில் ஐ வெய்வெய் கட்டிய கலைக்கூடத்தை இடிக்க உத்தரவு வந்தபோது, 2010 நவம்பரில் அங்கே நண்டு விருந்துக்கு அழைப்பு விடுத்தார். அவரைப் பெய்ஜிங் வீட்டிலேயே அடைத்துவைத்தார்கள். ஆனாலும் நூற்றுக்கணக்கானோர் போய்ச் சாப்பிட்டார்கள். 2011 ஜனவரியில் கட்டடம் தரைமட்டம். பீங்கான் நண்டுகள் 3,000-க்கு மேல் குவிந்து கிடக்கும் அந்த நிறுவலுக்கு முன்கதை இது. குவியலிலிருந்து சில நண்டுகள் விலகித் தரையில் ஊர்வது போல வைத்திருப்பதையும் கவனியுங்கள்.

இதே வகையில் இன்னும் சில, கட்டுரைக்குப் பயன்படும்:

1989-இல் சீனாவின் உச்சத் தலைவராக இருந்த டெங் சியாவ்பிங்கின் பெயர் ஒலியில் "சியாவ்பிங்" என்றால் சின்ன பாட்டில். 1989 தியானன்மென் சதுக்கப் போராட்டத்தின்போது மாணவர்கள் சின்ன பாட்டில்களைத் தரையில் போட்டு உடைத்தார்கள். 1989-க்குப் பிந்தைய படைப்பில் உடைந்த சிறு பாட்டில் வந்தால் நின்று பாருங்கள்.

அந்தப் போராட்டத்தைப் படை ஒடுக்கிய ஜூன் 4 தடைச்சொல் ஆனபின் "மே 35" வந்தது, அதாவது மே 31-க்குப் பின் நான்காம் நாள். 8964, 64 போன்ற எண்களும் அப்படியே. எட்டை எட்டால் பெருக்கிக்கூட எழுதினார்கள். ஒரு படைப்பில் பொருட்களின் எண்ணிக்கை 64 என்றால் அது பெரும்பாலும் தற்செயல் கிடையாது.

2011-இல் ஐ வெய்வெய் என்ற பெயரே தேடலில் முடங்கியபோது, ஒலியில் நெருங்கிய "எதிர்காலத்தை நேசி" என்ற தொடரை ஆதரவாளர்கள் எழுதினார்கள். சீனத்தில் அது "ஐ வெய்லாய்".

சோதித்துப் பார்க்க ஒரு வழி: பொருளின் சீனப் பெயரை, சீனத்தை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் எழுதுங்கள், தொனிக்குறியை எடுத்துவிடுங்கள், அதே ஒலியில் அந்தக் காலத்து அரசு முழக்கமோ தலைவர் பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மட்டும் போதாது, அந்தச் சிலேடை படைப்பு வந்த காலத்தில் இணையத்திலோ தெருவிலோ உண்மையில் புழங்கியதா என்பதும் வேண்டும். அது இல்லாமல் ஒலி ஒற்றுமையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் எந்தப் படத்திலும் எதையும் கண்டுபிடிக்கலாம். இந்த மொழி அப்படி.

செங்காந்தள்:

மாவோ படம் என்றாலே எதிர்ப்பு என்று எழுதாதீர்கள். யார் வரைந்தது, அந்த உருவத்துக்கு என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பேரை ஒப்பிட்டாலே வித்தியாசம் தெரியும்.

ஜாங் ஹோங்டூ 1943-இல் சீனாவின் கான்சு மாகாணத்தில் பிறந்தவர், முஸ்லிம் குடும்பம். 1982-இல் நியூயார்க் போனார். 1987-இல் ஓட்ஸ் டப்பாவில் இருக்கும் தொப்பிக்காரர் படத்தின் மேல் மாவோவின் தொப்பியையும் காலரையும் வரைந்தார். கொஞ்சம்தான் வண்ணம், டப்பாவில் மாவோ சிரிக்கிறார். அதன் பிறகு தலைவரின் உருவத்தை வெட்டி எடுக்கவும் தொடங்கினார். 1995-இல் செய்த பிங்பாங் மேசையைப் பாருங்கள். வலைக்கு இருபுறமும் மாவோவின் புறவடிவில் ஒவ்வொரு ஓட்டை. பந்து அதில் விழுந்தால் புள்ளி போச்சு. ஆடுபவர் ஓட்டையைத் தவிர்த்தே அடிக்க வேண்டும், அதாவது இல்லாத ஒருவரைச் சுற்றியே ஆட்டம் நடக்கிறது. 1971-இல் அமெரிக்க, சீன உறவைத் திறந்துவிட்டது பிங்பாங் என்பதையும் சேர்த்துக்கொண்டால் ஒரு மேசைக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். என்னைக் கேட்டால் இந்தத் தலைமுறையின் ஆகச் சிறந்த மாவோ இதுதான், முகமே இல்லாத மாவோ.

மாவோவை வரைந்த அமெரிக்க ஓவியர் ஆண்டி வாரோலுக்கு மாவோ செய்தித்தாள் படம். ஜாங்குக்கு அது பள்ளிச் சுவரிலும் வீட்டிலும் தொங்கிய, கிழித்தால் தண்டனை கிடைக்கிற படம். கத்தி படும்போது உண்டாகும் பொருள் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்க முடியாது.

காவ் ஜென், காவ் சியாங் சகோதரர்கள் வேறு வழி. 2009-இல் செய்த வெண்கல மாவோ மண்டியிட்டு, கையை மார்பில் வைத்து மன்னிப்பு கேட்கிறார். தலை கழற்றக்கூடியது. உடல் ஓரிடம், தலை இன்னோரிடம் என்று வைத்திருந்தார்கள், சோதனை வந்தால் கிடைப்பது தலையில்லாத ஓர் ஆள். கழற்றும் தலை ஒரு பாதுகாப்பு ஏற்பாடு, அதுவே படைப்பின் பொருளாகவும் ஆகிவிட்டது. காவ் ஜென் 2022-இல் அமெரிக்கா போய்விட்டார். 2024 ஆகஸ்டில் சீனாவுக்கு வந்திருந்தபோது ஹெபெய் மாகாணத்தில் கைதானார். வீரர்களையும் தியாகிகளையும் இழிவுபடுத்தியதாக வழக்கு. அந்தக் குற்றவியல் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2021-இல், மூன்று ஆண்டு வரை சிறை. சிலைகள் அதற்குப் பத்து ஆண்டுக்கு மேல் முந்தியவை. கட்டுரையில் இந்தத் தேதி வரிசையை விடாதீர்கள்.

சிவப்பு பற்றி: கல்யாணத்துக்கும் புத்தாண்டுக்கும் அங்கே சிவப்புதான். வெறும் சிவப்பு எதையும் சொல்லாது. சிவப்போடு மஞ்சள் நட்சத்திரமோ, கட்சியின் சிறார் அமைப்பின் கழுத்துத் துண்டோ, சுவரொட்டி எழுத்துருவோ சேர்ந்தால்தான் கட்சி.

பனுவல்:

மிக்க நன்றி. இப்போது இன்னொரு சந்தேகம். உள்ளே இருப்பவர் மறைத்துப் பேசுகிறார், சரி. வெளியே வந்தவருக்கு மறைக்க வேண்டிய தேவையே இல்லையே, அப்புறம் எதற்குக் குறியீடு? நேராகவே சொல்லிவிடலாமே.

நூலாம்படை:

நேராகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதில் என்ன கெட்டுப்போகிறது என்பதையும் பார்க்கலாம்.

படியூசாவ் ஷாங்காயில் பிறந்து 2009-இல் ஆஸ்திரேலியா போன கேலிச்சித்திரக்காரர். பல ஆண்டு முகத்தை மறைத்தே வேலை செய்தார். 2018 நவம்பரில் ஹாங்காங்கில் நடக்கவிருந்த கண்காட்சி மிரட்டலால் ரத்தானது, 2019 ஜூன் 4 அன்று முகத்தைக் காட்டினார். அவர் பாணி தட்டையான வண்ணம், தடித்த கோடு, சுவரொட்டி மொழி. அரசுப் பிரச்சாரத்தின் வடிவத்தையே எடுத்துத் திருப்பி அடிப்பது. கைப்பேசித் திரையில் ஒரே நொடியில் புரிய வேண்டும், யாரும் அச்சிட்டு ஒட்ட வேண்டும் என்பதற்காகச் செய்தது.

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு அவர் வரைந்த சுவரொட்டி வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். பனிச்சறுக்குத் துப்பாக்கி வீரர் சீனாவின் முஸ்லிம் சிறுபான்மையினரான உய்குர் ஒருவரை, கண் கட்டிய நிலையில், குறிவைக்கிறார். இது எங்கும் புரிந்தது. பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிடும் கர்லிங் விளையாட்டில் அந்தக் கல்லுக்குப் பதில் கொரோனா வைரஸை வைத்த இன்னொன்று மாட்டிக்கொண்டது. வாஷிங்டனில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் இந்தச் சுவரொட்டிகளை ஒட்டினார்கள். இனவெறி என்று சீன மாணவர் அமைப்புகள் புகார் செய்ய, நிர்வாகம் கிழித்தது, பிறகு அந்த முடிவு தவறு என்று ஒப்புக்கொண்டது. ஆசிய முகம் தெரிந்தாலே தெருவில் அடி விழுந்த காலத்தில், "வைரஸ் அரசின் பொய்" என்று ஓவியர் சொன்னதை "வைரஸ் சீனர்" என்று படிக்க இடம் இருந்தது. பெய்ஜிங்கில் ஒரு பொருள், வாஷிங்டனில் வேறு பொருள். வெளியே இருப்பவர் இரண்டு பார்வையாளர்களுக்கு ஒரே படத்தில் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான்: தணிக்கைக்காகத் தொடங்கிய குறியீடு வெளியே வந்தபின் நினைவுக்காகத் தொடர்கிறது.

அவருடைய நல்ல வேலை என்று நான் சொல்வது கைக்கடிகார வரிசையை. 1989 ஜூனில் பெய்ஜிங்கில் இறங்கிய படையினருக்கு நினைவுப் பரிசாகக் கைக்கடிகாரம் கொடுத்தார்கள். முகப்பில் தலைக்கவசம் போட்ட வீரர் முகம், கீழே "89.6" என்றும், கலகத்தை அடக்கிய நினைவாக என்றும் எழுத்து. அந்தக் கடிகாரத்தைத் தன் ரத்தத்தால் 64 முறை வரைந்தார். 2021 நவம்பரில் இத்தாலியின் பிரெஷா நகர அருங்காட்சியகத்தில் அவர் கண்காட்சி நடந்தது. சீனத் தூதரகம் நிறுத்தச் சொல்லியும் நகராட்சி நடத்தியது. ரத்தம் காயக் காய சிவப்பு பழுப்பாகும். இதை எதிர்ப்புச் சின்னம் என்று ஒரு வரியில் முடித்தால் அந்தப் பரிசுக் கடிகாரம் உண்மையில் இருந்தது என்ற செய்தி போய்விடும், படத்தின் பாதி பலமே அதுதான்.

இதோடு குவோ ஜியானையும் சேருங்கள். முன்னாள் படைவீரர், 1989-இல் உண்ணாவிரதத்தில் இருந்தவர், ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றபின் பெய்ஜிங்கில் வாழ்ந்தவர். 2014-இல் தியானன்மென் சதுக்கத்தின் மாதிரி வடிவம் ஒன்றின் மேல் 160 கிலோ கொத்துக்கறியைப் பூசினார். கறி அழுகும், நாறும், வைத்துக் காட்ட முடியாது, படத்தில் மட்டும்தான் மிஞ்சும். அந்த ஆண்டு நினைவுநாளுக்கு முன்பே பிடித்து, பிறகு நாடு கடத்திவிட்டார்கள்.

கல்வெட்டு:

நூலாம்படை சொன்னதோடு ஒரு சேர்க்கை. 1989-இல் மாணவர்கள் தியானன்மென் சதுக்கத்தில் நிறுத்திய ஜனநாயக தேவி சிலையைப் பற்றி எழுதும்போது "அமெரிக்கச் சுதந்திரதேவியின் நகல்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்தத் தேவி சுடரை ஒரு கையால் பிடிக்கிறாள், இவள் இரண்டு கையாலும் பிடிக்கிறாள். காரணம் வேலைமுறையில் இருக்கிறது. மத்திய நுண்கலைக் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு நாள்கூட இல்லை. கையில் இருந்த ஒரு களிமண் பயிற்சி உருவத்தை எடுத்தார்கள், இரண்டு கையாலும் ஒரு கம்பத்தைப் பிடித்து நிற்கும் ஆண். கம்பத்தின் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டு மேலே சுடர் வைத்து, முகத்தையும் உடலையும் பெண்ணாக்கினார்கள். உலோகச் சட்டத்தின் மேல் ஸ்டைரோஃபோமும் காகிதக்கூழும், உயரம் சுமார் 10 மீட்டர். துண்டுகளாகச் செய்து மிதிவண்டித் தள்ளுவண்டிகளில் சதுக்கத்துக்குக் கொண்டுபோய் 1989 மே 30-இல் மாவோ படத்துக்கு நேர் எதிரே நிறுத்தினார்கள். ஜூன் 4 விடியலில் படையினர் தள்ளி வீழ்த்தினார்கள். ஐந்து நாள் நின்ற சிலை.

வெளியே அதை மறுபடி மறுபடி வார்த்தார்கள். சிற்பி சென் வெய்மிங் செய்த ஒன்று ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் 2010 முதல் நின்றது, 2021 டிசம்பர் 24 அதிகாலையில் எடுத்துவிட்டார்கள். அவரே கலிஃபோர்னியாவின் யெர்மோ பாலைவனத்தில் வைத்த ஷி ஜின்பிங் முகமுள்ள வைரஸ் சிலை 2021-இல் எரிந்தது. பழைய தேவியைக் காகிதக்கூழில் செய்தது நேரமில்லாததால். வெளியே வெண்கலத்திலும் கண்ணாடியிழையிலும் செய்வது நிலைக்க வேண்டும் என்பதால். ஒரே உருவம்தான், ஆனால் செய்யும் பொருள் மாறியதும் அது கோரிக்கையிலிருந்து நினைவுச்சின்னமாகிவிட்டது. குறிப்பில் என்ன பொருளால் ஆனது என்பதைத் தவறாமல் எழுதுங்கள்.

பனுவல்:

கடைசியாக ஒன்று. நண்டு நிறுவலின் தலைப்பைத் தமிழில் எப்படிப் போடுவது? "ஆற்று நண்டு" என்றால் சிலேடை போகிறது, "நல்லிணக்கம்" என்றால் நண்டு போகிறது.

மையூற்று:

தமிழில் சமமான சிலேடை தேடி அலையாதீர்கள். கிடைத்தாலும் அது உங்கள் நகைச்சுவையாக இருக்குமே தவிர அவருடையதாக இருக்காது. ஒலியைத் தலைப்பாக வைத்து, குறிப்பில் இரண்டு பொருளையும் கொடுங்கள். இப்படி:

"ஹெ ஷியே. பீங்கான், 3,000-க்கு மேற்பட்ட நண்டுகள். ஆற்று நண்டு என்பதும், தணிக்கைக்கு அரசு சூட்டிய நல்ல பெயரான நல்லிணக்கம் என்பதும் சீனத்தில் தொனி மட்டுமே மாறி ஒலிப்பவை. கலைக்கூடத்தை இடிக்கும் முன் 2010 நவம்பரில் அங்கே பரிமாறியதும் நண்டுதான்."

இதில் "நல்ல பெயரான" என்ற சொல் இடம் அடைக்கிறது என்று தோன்றினால் எடுத்துவிடுங்கள், "அரசு முழக்கமான" என்று போட்டாலும் சரி. "தொனி மட்டுமே மாறி" என்பதை மட்டும் எடுக்காதீர்கள். இரண்டும் ஒரே சொல் என்று எழுதினால் சீனம் தெரிந்த முதல் வாசகரே கடிதம் போட்டுவிடுவார்.